பூவாத்தாளின் கொள்ளுப்பேத்திக்கு ஒரு பெயர்

கேள்வி: எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து 2 மாதம் ஆகிறது. அஸ்த நட்சத்திரம். பூ, ஷ, ண, ட என்று நான்கு எழுத்துகளை ஜோசியர் எழுதிக் கொடுத்தார். பெயர் இரண்டு மூன்று எழுத்தில் இருக்க வேண்டும், வகுப்பில் இன்னொரு பிள்ளைக்கு இருக்கக் கூடாது என்பது என் கணவரின் ஆசை. சில வருடங்களுக்கு முன் காலமான அவருடைய அப்பத்தா பூவாத்தாளின் பெயர் எப்படியாவது வரவேண்டும் என்கிறார் மாமியார். எனக்குத் தமிழ்ப் பெயராக இருந்து, கேட்டவர்களுக்குப் பொருள் சொல்ல முடிந்தால் போதும். இதுவரை சேர்த்து வைத்திருப்பவை: ஷமி, மைரா, தியா, எழினி, அலர், வானி. இணையத்தில் பார்த்தால் ஒரே பெயருக்கு இடத்துக்கு இடம் ஒரு அர்த்தம் போட்டிருக்கிறார்கள். பாதிக்கு மேல் 'அழகானவள்', 'அன்பானவள்' என்றுதான் இருக்கிறது. எதை நம்புவது, எந்தப் பெயரை வைப்பது?

– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

குழந்தைக்கு என் ஆசிகள். உங்கள் கடிதத்தில் பூவாத்தாள் என்ற பெயரைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் ஆறு பெயரையும் பார்த்துவிடலாம். அர்த்தம் தெரியாமல் ஒரு பெயரை வைக்கவும் கூடாது, தள்ளவும் கூடாது.

ஷமி என்பது வடமொழியில் வன்னி மரத்தின் பெயர். நல்ல பொருள்தான். ஆனால் நட்சத்திர எழுத்துக்காக இதை எடுத்திருக்கிறீர்கள் என்றால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அஸ்தத்துக்கு வரும் ஷ, வடமொழியில் 'விஷம்', 'விஷயம்' என்ற சொற்களில் வரும் எழுத்து. ஷமியின் முதலெழுத்து வேறு. அது 'சிவன்' என்ற சொல்லை வடமொழியில் எழுதும்போது தொடங்குகிற எழுத்து. தமிழில் எழுதும்போது இரண்டையும் ஷ என்றே போட்டுவிடுகிறோம், அதனால் வித்தியாசம் தெரிவதில்லை. ஷ-வில் பெயர் தேடுகிற பல வீடுகளில் இதுதான் நடக்கிறது. ஜோசியர் எழுதிய எழுத்துக்குப் பொருந்துகிறது என்று நினைத்து, பொருந்தாத ஒன்றை வைத்துவிடுகிறார்கள்.

மைரா தமிழும் இல்லை, வடமொழியும் இல்லை. ஃபுல்க் கிரெவில் என்ற ஆங்கிலக் கவிஞர் 400 ஆண்டுகளுக்கு முன்பு தம் கவிதைகளில் ஒரு பெண்ணுக்கு வைத்த பெயர் அது. இன்றைய துருக்கி நாட்டில் அதே பெயரில் பழைய நகரம் ஒன்றும் இருந்தது. 'அன்பானவள்' என்ற பொருள் யாரோ எழுதிச் சேர்த்தது. தியா இந்தியில் அகல்விளக்கு. தீபம் என்ற சொல்லிலிருந்து தேய்ந்து வந்தது. இந்தப் பொருள் பிடித்திருந்தால் தமிழில் சுடர் இருக்கிறது, மூன்றே எழுத்து. அகல் என்றும் சிலர் வைக்கிறார்கள். எனக்கு அதில் சின்னத் தயக்கம் உண்டு. 'அகல்' என்றால் 'விலகிப் போ' என்றும் பொருள்படும். குழந்தையை அப்படிக் கூப்பிட எனக்கு மனம் வராது.

எழினியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எழில் என்ற சொல்லோடு சேர்த்துப் பார்த்து 'அழகி' என்று போடுகிறார்கள். எழினி என்றால் திரைச்சீலை. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய அரங்கைச் சொல்லும் இடத்தில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று வகைத் திரை வருகிறது. ஒன்று ஒரு பக்கமிருந்து இழுப்பது, இன்னொன்று இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்வது, மூன்றாவது மேலே மறைந்திருந்து இறங்குவது. அப்புறம், சங்க காலத்தில் இது ஆண்களின் பெயராகவும் இருந்திருக்கிறது. தகடூரை, அதாவது இன்றைய தருமபுரிப் பக்கத்தை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பெயர் பொகுட்டெழினி. அதற்காகப் பெண்ணுக்கு வைக்கக் கூடாது என்றில்லை. நாளைக்கு உங்கள் மகள் 'என் பேருக்கு என்னம்மா அர்த்தம்' என்று கேட்டால், 'அழகி' என்று சொல்லிவிடாமல் மாதவி ஆடிய மேடையின் திரையைச் சொல்லுங்கள்.

அலர் எனக்குப் பிடித்த சொல். ஒரு பூ பிறப்பது முதல் உதிர்வது வரை நம் ஆட்கள் ஏழு பெயர் வைத்திருக்கிறார்கள்: அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல். மலர்ந்து நன்றாக இதழ் விரித்து நிற்கும் நிலை அலர். திருச்சானூர்த் தாயாரின் பெயரான அலர்மேல்மங்கையில் இருப்பதும் இதுதான், பூவின்மேல் இருப்பவள். ஆனால் அகப்பாட்டில் அலர் என்றால் காதலர்களைப் பற்றி ஊர் வாய் பேசுகிற பேச்சு. திருக்குறளில் 'அலர் அறிவுறுத்தல்' என்று 115ஆவது அதிகாரமே இருக்கிறது. பள்ளியில் அந்தப் பாடம் வரும் நாளில் உங்கள் மகள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இந்த இரண்டாவது பொருள் உறுத்தவில்லை என்றால் தாராளமாக வைக்கலாம். இதே வரிசையில் உள்ள முகை இரண்டே எழுத்து, மணமும் இனி வரப்போகிற மலர்ச்சியும் அதில் இருக்கிறது, உறுத்துகிற வேறு பொருள் வந்து குறுக்கே நிற்காது. நறுமுகை என்று வைக்கிறார்கள், முகை என்று மட்டும் வைத்து நான் பார்த்ததில்லை.

வானி உங்கள் ஊருக்கென்றே பிறந்த பெயர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் பெண்கள் பறித்துக் குவித்ததாகச் சொல்லும் 99 பூக்களில் வானியும் ஒன்று. பதிற்றுப்பத்தில் வானி என்று ஓர் ஆறு வருகிறது, சேர மன்னன் ஒருவனின் இனிய இயல்பை அந்த ஆற்று நீரோடு ஒப்பிட்டுப் பேசுகிறார் புலவர். அந்த வானிதான் பவானி என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. கொடிவேரி அணையில் நீங்கள் குளித்த தண்ணீரே குழந்தையின் பெயராகிறது. இதைவிடச் சொந்தமான பெயர் கிடைப்பது கஷ்டம்.

ஆனாலும் ஓர் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் தமிழ் சொல்லிக்கொடுத்த ஒரு பள்ளியில் வானி என்று ஒரு பெண் படித்தாள். ஆறாம் வகுப்பில் சேர்த்தபோதே யாரோ வருகைப் பதிவேட்டில் வாணி என்று எழுதிவிட்டார்கள். எழுதியவருக்குச் சரஸ்வதியின் பெயர்தான் தெரியும். நான்கு வருடம் யாரும் கவனிக்கவில்லை, நானும் வாணி என்றுதான் கூப்பிட்டேன், அந்தப் பெண்ணும் 'உள்ளேன் அம்மா' என்று எழுந்து நிற்பாள். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பும் சமயத்தில் அவளுடைய அம்மா பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். காகிதம் மடித்த இடங்களில் நைந்து போயிருந்தது. றன்னகரத்தின்மேல் விரலை வைத்து, 'இந்த ன-ங்க டீச்சர், ஆத்துப் பேரு' என்றார். தமிழாசிரியரான நான் அந்தப் பெண்ணிடம் ஒரு நாளாவது அர்த்தம் கேட்டிருக்க வேண்டும். திருத்துவதற்கு மூன்று வாரம் ஆனது. வானி என்று வைத்தால், எழுதுகிற ஒவ்வொருவரிடமும் 'ரெண்டு சுழி' என்று சொல்லிக்கொண்டே இருக்கத் தயாராகுங்கள்.

சரி, உங்கள் கணவரின் ஆசைக்கு வருவோம். அவர் கேட்பது நியாயம்தான். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடங்களில் யாழினி என்று கூப்பிட்டால் ஒரே வகுப்பில் மூன்று பேர் எழுந்து நிற்பார்கள். யாழினி அழகான பெயர், அதனால்தான் அத்தனை பேர் வைத்தார்கள். ஆதிரையும் இப்போது அந்த வழியில் போய்க்கொண்டிருக்கிறது. மணிமேகலையின் அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள் ஆதிரை. அந்தக் கதைக்காகவே அந்தப் பெயர் பரவட்டும் என்று நினைக்கிறேன். ஆனால் யாருக்கும் இல்லாத பெயர் வேண்டும் என்பவருக்கு அது இனி உதவாது.

நட்சத்திர எழுத்தை விட்டுவிடலாம் என்று வீட்டில் முடிவெடுத்தால், சங்கப் பாட்டில் வரும் பெண்களைப் பாருங்கள். எயினி என்றால் வேட்டுவக் குலப் பெண், குறமகள் இளவெயினி என்ற புலவரின் பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. வெண்ணி ஓர் ஊர், இன்றைக்குத் திருவாரூர் மாவட்டத்தில் கோவில்வெண்ணி என்கிறார்கள். கரிகாலன் அங்கே பெரிய போரை வென்றபோது அந்த ஊர்ப் புலவர் வெண்ணிக் குயத்தியார் அவனைப் பார்த்து, நீ வென்றவன்தான், ஆனால் உன்னிடம் தோற்ற சேர மன்னன் முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி, வடக்கு நோக்கி உண்ணாமல் இருந்து உயிர்விட்டானே, அவன் உன்னைவிட நல்லவன் அல்லவா என்று பாடினார். வென்ற அரசன் முகத்துக்கு நேராக இப்படிக் கேட்ட பெண்ணின் ஊர்ப்பெயரை மகளுக்கு வைக்க எந்தத் தகப்பனுக்கும் பெருமையாக இருக்கும்.

இவற்றில் என் மனதுக்கு மிக நெருக்கமானது மருதி. பரணர் பாடிய அகநானூற்றுப் பாட்டு ஒன்றில் வருகிறாள். காவிரித் துறையில் நீர்விழா நடக்கிறது, ஆட்டனத்தி என்ற ஆடல்வல்லான் ஆடுகிறான், அவனை ஆறு அடித்துக்கொண்டு போய்விடுகிறது. அவன் மனைவி ஆதிமந்தி ஊர் ஊராக அழுதுகொண்டு தேடுகிறாள். கடைசியில் மருதி என்பவள் அவனை ஆதிமந்திக்குக் காட்டிக்கொடுத்துவிட்டுத் தான் கடலுக்குள் போய்விடுகிறாள். அவளைப் பற்றி இரண்டு மூன்று அடிதான். 'பாடல்சால் சிறப்பின் மருதி' என்று பரணர் சொல்கிறார், பாடப்படும் அளவுக்குச் சிறப்புடையவள் என்று பொருள். மருத மரமும் வயல் நிலமும் அந்தப் பெயரைச் சொல்லும்போதே கண்முன் வரும். முடிவு சோகம் என்று பெரியவர்கள் தயங்கக்கூடும், அது அவர்கள் உரிமை. வெற்றிப் பூவான வாகை, கடலையும் சக்கரத்தையும் மோதிரத்தையும் குறிக்கும் ஆழி இவையும் இரண்டெழுத்துப் பெயர்கள்தான். ஆழியை ஆங்கிலத்தில் எழுதும்போது ழகரத்துக்கு இசட், ஹெச் இரண்டையும் போடுவோம், வெளியூரில் அதை 'ஆஸி' என்று படிப்பார்கள்.

இனி எழுத்து விஷயம். ஜோசியர் கொடுத்த நான்கில் ண, ட இரண்டும் தமிழில் சொல்லுக்கு முதலில் வராத எழுத்துகள். தொல்காப்பியத்திலிருந்தே இருக்கிற விதி இது. எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. ஷ பற்றி மேலே சொன்னேன். ஆக மிஞ்சுவது பூ. நான்கில் ஒன்று மட்டும்தானா என்று நீங்கள் வருத்தப்பட வேண்டாம், தமிழில் அதைவிட நல்ல எழுத்தை யாரும் கொடுத்திருக்க முடியாது.

பூ என்று தொடங்கும் பெயர்களில் பூங்கொடி, பூங்குழலி எல்லாம் நீளம். பூரணி மூன்றெழுத்து, வடமொழி, 'நிறைந்தவள்'. பழைய பெயர்தான் என்றாலும் உங்கள் மகள் வயதுக் குழந்தைகளிடம் அதிகம் கேட்பதில்லை. பூளை என்றும் ஒன்று உண்டு. பொங்கலுக்கு முதல் நாள் உங்கள் பக்கம் வேப்பிலை, ஆவாரம்பூவோடு சேர்த்துக் காப்புக் கட்டுவீர்களே, அந்த வெள்ளைப் பூ. குறிஞ்சிப்பாட்டுப் பட்டியலிலும் இருக்கிறது. ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் கண்ணில் வரும் அழுக்கையும் பூளை என்கிறோம். பிள்ளைகள் விடமாட்டார்கள். வேண்டாம்.

நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பது பூவை.

இரண்டே எழுத்து. பூவை என்றால் முதலில் ஒரு மரம், அதன் பூ. காயா என்றும், ஊர்ப்பக்கம் காசான் என்றும் சொல்வார்கள். புதர்போல வளரும் சின்ன மரம். பூக்கிற காலத்தில் கிளையை ஒட்டியே கொத்துக் கொத்தாக நீலமும் ஊதாவும் கலந்த பொடிப் பூ வைக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் கிளை முழுக்க நிறம் பூசினதுபோல இருக்கும். குறுந்தொகையில் ஔவையார் இந்தப் பூக்கிளையை மயிலின் கழுத்துக்கு ஒப்பிடுகிறார். அந்த நிறம் திருமாலின் நிறம் என்பதால் ஆண்டாள் திருப்பாவையின் 23ஆம் பாசுரத்தில் கண்ணனைப் 'பூவைப்பூ வண்ணா' என்று கூப்பிடுகிறாள். மார்கழியில் உங்கள் ஊர்க் கோயிலிலும் ஒலிபெருக்கியில் வரும் வரி. தொல்காப்பியத்தில் 'பூவை நிலை' என்று ஒரு துறையே இருக்கிறது, அரசனைத் திருமாலோடு சேர்த்துப் புகழ்வது.

இரண்டாவது, பூவை ஒரு பறவை. நாகணவாய் என்று இலக்கியம் சொல்லும், நாம் மைனா என்போம். கிளியையும் பூவையையும் கூண்டில் வைத்துப் பேச்சுப் பழக்கும் பெண்கள் பழைய பாட்டுகளில் நிறைய வருகிறார்கள். மூன்றாவதாக, பூவை என்றாலே பெண் என்று அகராதி சொல்லும். சென்னைப் பக்கம் பூந்தமல்லியையும் சுருக்கிப் பூவை என்பார்கள், அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. பூ, பறவை, பெண் என்று மூன்று பொருளும் நல்ல பொருளாக அமைந்த சொல் இது. ஆனாலும் என் 32 வருடப் பதிவேடுகளில் பூவை என்று ஒரு பெண்கூட இருந்ததில்லை. உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள்.

இப்போது அப்பத்தா. பேத்தி என்ற சொல்லின் முழு வடிவம் பெயர்த்தி. பாட்டி பெயரைத் தாங்குகிறவள் என்பதால் வந்தது. உங்கள் மாமியார் கேட்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிற வழக்கம்தான், அவர் பிடிவாதம் பிடிக்கிறார் என்று எண்ணாதீர்கள். பூவாத்தாள் என்பது பூ, ஆத்தாள் என்ற இரண்டு சொல். ஆத்தாள் என்றால் தாய். காளியாத்தாள், செல்லாத்தாள் என்று கொங்கு நாட்டில் பெண்களின் பெயரோடு மரியாதையும் உறவும் சேர்த்து வைத்த சொல். அதைக் கழித்துவிட்டால் அப்பத்தாவின் சொந்தப் பெயராக மிஞ்சுவது பூ. உங்கள் மகளின் முதல் எழுத்தும் அதுதான். ஜோசியர் காகிதத்தில் எழுதிக் கொடுத்ததும், மாமியார் கேட்பதும் ஒன்றே என்பதை அவரிடம் உட்கார்ந்து சொல்லிப் பாருங்கள். வீட்டில் அவர் 'பூவாத்தா' என்றே கூப்பிட்டுக்கொள்ளட்டும். கொஞ்சும்போது பூவை தானாகவே 'பூவாத்தா' ஆகும், யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் ஒரு கவனம். பூங்கொடி, பூங்குழலி என்பவர்கள் வழக்கமாகப் 'பி'க்கு அப்புறம் இரண்டு 'ஓ' போடுகிறார்கள். ஆங்கிலம் பேசும் நாடுகளில் அந்த மூன்றெழுத்துக்குக் குழந்தைகள் மலம் கழிப்பதைக் குறிக்கும் பொருள் இருக்கிறது. நாளைக்குப் படிக்கவோ வேலைக்கோ அங்கே போகிற பெண் அந்தச் சங்கடத்தைப் படக் கூடாது. அதனால் பி, யு, வி, ஏ, ஐ என்று எழுதுங்கள். உச்சரிப்பு அதிலேயே சரியாக வரும். தமிழில் 'வை' எழுதும்போது ஐகாரத்தை விட்டு 'பூவ' என்றோ, 'பூவாய்' என்றோ யாரும் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவசரப்பட வேண்டாம். பிறப்பைத்தான் 21 நாளுக்குள் பதிய வேண்டும், அதை மருத்துவமனை வழியாகவே முடித்திருப்பீர்கள். பெயரைப் பிறந்து ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்க முடியும், ஆனால் அவ்வளவு தள்ளிப்போடாதீர்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளியில் சேர்ப்பது, பாஸ்போர்ட் எடுப்பது எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை. அதில் ஏறின எழுத்தைப் பின்னால் மாற்றுவது பெரும் அலைச்சல். பதிவு அலுவலகத்தில் அச்சடித்துக் காட்டும்போது தமிழ், ஆங்கிலம் இரண்டையும் எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

எந்தப் பெயரை எடுத்தாலும் பொருளை இணையப் பட்டியலில் பார்க்காதீர்கள். 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் ஆறு தொகுதியாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இப்போது இணையத்திலேயே கிடைக்கிறது. அதில் சொல்லைத் தட்டிப் பாருங்கள். எந்த நூலில் அந்தப் பொருளில் வந்திருக்கிறது என்பது வரை இருக்கும். அதில் இல்லாத சொல்லுக்கு ஒரு பக்கம் 'அழகானவள்' என்று பொருள் சொன்னால், கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

அப்புறம், பெயரைப் பதிவதற்கு முன்னால் ஒரு வாரம் வீட்டில் கூப்பிட்டுப் பாருங்கள். கொல்லைப்புறத்தில் நின்று சத்தமாக ஒருமுறை, தூங்க வைக்கும்போது மெதுவாக ஒருமுறை, இனிஷியலோடு சேர்த்து ஒருமுறை. உங்கள் மாமியாரையும் கூப்பிடச் சொல்லுங்கள். அவர் வாயில் பூவை எப்படி வருகிறது என்று கேட்டுவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.